வலது ஷூவின் ஓரம்

ஆகஸ்ட் 4, திங்கள்

குட்டியின் ஷூ மறுபடியும் போச்சு. வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதுவும் வலது ஷூ மட்டும், வெளி ஓரம் மட்டும். பூனை பிராண்டியது போலத் தோல் உரிந்து கிடக்கிறது. இடது ஷூ புதுசு கணக்காக மினுங்குகிறது. ஷூக் கடையில் ஊரார் காலைப் பிடித்துப் பிழைக்கிறவன் வீட்டிலேயே இந்தக் கூத்து.

"கால இழுத்து இழுத்து நடக்கிறியா? ஒழுங்கா நடந்தா என்ன?" என்று சத்தம் போட்டேன். "சரிப்பா" என்றாள். அதோடு சரி. எட்டு வயசுப் பிள்ளை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம்.

ஆகஸ்ட் 6, புதன்

கடையில் கூட்டம் இல்லை. குட்டியின் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நடையில் கோளாறு என்றால் அடிப்பாகம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்க வேண்டும். அடி சீராகத்தான் இருக்கிறது. மேல்தோலில்தான் கீறல். கீறலுக்குள் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். சுண்ணாம்பு.

சுவரில் உரசியிருக்கிறாள். எந்தச் சுவரில்?

ஆகஸ்ட் 7, வியாழன்

தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

காலையில் அவளைப் பள்ளியில் விடுவது என் வேலை. மாலையில் அவள் அம்மா அழைத்து வருவாள். போகிற வழியில் நடைபாதைக்கு வலப்பக்கம் நீளச் சுவர், இடப்பக்கம் கம்பித் தடுப்பும் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டமும். நான் எப்போதும் அவளுக்கு இடப்பக்கம்தான் நடப்பேன். இன்று குனிந்து கால்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கூட்டம் நெருங்க நெருங்க நான் அவள் பக்கம் சாய்கிறேன். அவள் சுவரோடு ஒண்டுகிறாள். ஷூ உரசும் சத்தம்கூடக் கேட்டது.

ஏன் இடப்பக்கம்? எழுதித்தான் ஆக வேண்டும். அவள் இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரைக்கும், பிறவியிலேயே கருஞ்சிவப்பாக ஒரு மறு. அது யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான். வெறித்துப் பார்க்கிறவர்களிடமிருந்தும் உச்சுக்கொட்டுகிறவர்களிடமிருந்தும் அவளைக் காப்பாற்றுகிறேனாம்! அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பொய். எனக்குத்தான் தாங்கவில்லை. பெத்த புள்ளைய செவுத்தோட வச்சு நசுக்கியிருக்கேன், அப்புறம் நடக்கத் தெரியலன்னு அவளையே திட்டியிருக்கேன். என்ன மனுஷன்யா நான்?

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்றும் இடப்பக்கம்தான் நடந்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பள்ளியில் பெற்றோர் கூட்டம். நான் உட்காரப் போனதும் வகுப்பு டீச்சர் பதறிப்போய் எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு வலப்பக்கம் போட்டு உட்கார்ந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி பேச ஆரம்பித்தார்.

"உங்க பொண்ணு சொன்னா சார், உங்களுக்கு இடது காது கேக்காதுன்னு. அவ பேசுறது நல்ல காதுல விழணும்னுதான் எப்பவும் அவளுக்கு இடப்பக்கமே நடக்குறீங்களாமே! கேக்கவே எவ்ளோ நல்லாருந்துச்சு தெரியுமா?"

எனக்கு இரண்டு காதும் பாம்புக் காது. ஆனாலும் தலையாட்டினேன். குட்டி கணக்கில் கெட்டி என்று டீச்சர் கத்தினார். அதற்கும் தலையாட்டினேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எப்படிச் சுடும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள்?

ஆகஸ்ட் 13, புதன்

குட்டியிடம் கேட்கத் தைரியம் இல்லை. அவள் அம்மாவிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"எனக்கு முன்னாடியே தெரியும். 'உன் கன்னத்த மறைக்கத்தானே உங்கப்பா அந்தப் பக்கம் வர்றாரு'ன்னு கூடப் படிக்கிற புள்ள கேட்டுச்சாம். இவ உடனே காது கேக்காதுன்னு சொல்லிட்டா. ஏன்டி பொய் சொன்னன்னு கேட்டேன். 'ஆமான்னு சொன்னா எல்லாரும் அப்பாவ தப்பா நினைப்பாங்கல்லம்மா'ங்கிறா."

"நீயாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. நீங்க வருத்தப்படுவீங்களாம்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் பாட்டுக்குத் துணியை அடுக்கி அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

குட்டிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் சுவரோரமாக நடந்திருக்கிறாள். தெரிந்துதான் "சரிப்பா" என்றிருக்கிறாள். நான் அவளை மறைத்தேன், அவள் என்னை மறைத்திருக்கிறாள். ஐயோ, குட்டி.

ஆகஸ்ட் 14, வியாழன்

காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அவள் அம்மாதான் பள்ளியில் விட்டு வந்தாள். கோழை.

ஆகஸ்ட் 18, திங்கள்

குட்டிக்குப் புது ஷூ. கடையிலிருந்து கொண்டுவந்து நானே மாட்டிவிட்டேன்.

நடைபாதைக்கு வந்ததும், "இன்னிக்கு அப்பா இந்தப் பக்கம் வரேன்" என்று சுவர்ப் பக்கம் போனேன். அண்ணாந்து என்னைப் பார்த்தாள். என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் கூட்டம் வந்தது. ஒரு அம்மா அவள் கன்னத்தையே பார்த்தார், கண்ணை எடுக்கவில்லை. எனக்குச் சட்டென்று அந்தப் பக்கம் தாவிவிட வேண்டும் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் தோள் உரச நடந்தேன். அந்த அம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தை விரலை நீட்டிக் காட்டியது. குட்டி அதைப் பார்த்து டாட்டா காட்டினாள். அதுவும் காட்டியது. அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை நாள்?

திடீரென்று குட்டி தொண்டை கிழியக் கத்தினாள். "அப்பா! நாளைக்கு டிராயிங் கிளாஸ் இருக்கு! கலர் பென்சில் வேணும்!"

கூட்டம் மொத்தமும் திரும்பியது.

"ஏம்மா கத்துற? நல்லாத்தானே கேக்குது."

கையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். என் இடது காதில் கிசுகிசுத்தாள்.

"உங்களுக்குக் காது கேக்காதுன்னு டீச்சர் சொன்னாங்கல்ல? அந்தக் காது இப்ப என் பக்கம் வந்துடுச்சுப்பா. பின்னாடி என் ஃப்ரெண்டு வர்றா. கொஞ்ச நாளைக்குக் கேக்காத மாதிரியே இருங்க."

நிமிர்ந்து நின்று, பஸ் நிறுத்தம் முழுக்கக் கேட்கும்படி, "என்ன? என்ன சொன்ன?" என்றேன்.

"கலர் பென்சில்ப்பா!" என்று சிரித்துக்கொண்டே அவள் இன்னும் பலமாகக் கத்தினாள்.