இரண்டு வழி இருந்தது, மச்சான்

என் அன்பு செல்வம் மச்சானுக்கு,

நீ கண்ணை மூடி நான்கு வருடம் ஆகிவிட்டது. பாசிர் கூடாங்கில் நாம் சேர்ந்து ஏறிய அதே தொழிற்சாலை பஸ்ஸில் போன வருடக் கடைசிவரை நான் போய்க்கொண்டிருந்தேன். பிறகு சாப்பாடு இறங்க மறுத்தது. முதலில் கோழிக்கறி நெஞ்சில் நின்றது, அப்புறம் ரொட்டி சானாய், கடைசியில் கஞ்சி. உனக்கு எப்படி ஆரம்பித்ததோ அப்படியே. உன் தங்கை ஜெயந்தி என் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பதினைந்து வருடம் ஷிப்ட் முடிந்து நீயும் நானும் சேர்ந்துதானே புகைத்தோம், சேர்ந்துதானே குடித்தோம்?

உணவுக்குழாயில் புற்றுநோய். ஜொகூர் பாருவில் ஆப்பரேஷன். கெட்டுப்போன குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையை மேலே இழுத்து மிச்சமிருந்த குழாயோடு தைத்தார்கள். நல்லபடியாக முடிந்தது என்றார்கள். உனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஆறாம் நாள் காலையில் காய்ச்சல் வந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. விலாப்பக்கம் போட்டிருந்த குழாயில் அதுவரை தெளிவாக வடிந்த நீர் கலங்கலாக, நாற்றத்தோடு வந்தது. அது வடிந்து சேரும் பையை ஜெயந்தி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். மதியம் டாக்டர் வந்தார். நம் தமிழ்ப் பெண்தான், நாற்பது வயது இருக்கும்.

“அங்கிள், தையல் ஒரு இடத்துல விட்டிருக்கு. எச்சில் உள்ள கசிஞ்சு சீழ் புடிச்சிருக்கு. ரெண்டு வழி இருக்கு. மறுபடியும் நெஞ்சைத் திறக்கலாம். இல்லன்னா வாய் வழியா கேமரா விட்டு, ஓட்டை இருக்கிற இடத்துல ஒரு சின்ன ஸ்பாஞ்ச் வைக்கலாம். அதுல ஒரு டியூப் மாட்டி மூக்கு வழியா வெளிய எடுப்போம். மெஷின் சீழை இழுத்துக்கிட்டே இருக்கும். சதை கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்து மூடிக்கும். மூணு நாலு நாளைக்கு ஒருதடவை ஸ்பாஞ்ச் மாத்தணும்.”

“ரெண்டு வழியா?” என்றாள் ஜெயந்தி. “எங்கண்ணனுக்கும் இதேதான் டாக்டர். ஒரே வழிதான் இருக்கு, திறந்தாகணும்னு சொன்னாங்களே?”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

மச்சான், உனக்குத் தெரியாது. நீ அன்று நினைவில்லாமல் கிடந்தாய். வேறொரு மருத்துவமனை, வேறொரு டாக்டர். அவரும் இரண்டு வழி சொன்னார். உன் அம்மாவும் ஜெயந்தியும் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். ஆங்கிலம் புரியும் என்பதால் நான் மட்டும் உள்ளே போயிருந்தேன். ஸ்பாஞ்ச், டியூப் என்றதெல்லாம் எனக்கு விளையாட்டாகத் தெரிந்தது. திறந்து பார்த்துச் சரிசெய்தால்தான் வேலை முடியும் என்று நினைத்தேன். வெளியே வந்து, ஒரே வழிதான் என்று சொன்னேன். இரண்டு என்று சொன்னால் அழுதுகொண்டே யோசிப்பார்கள், அதற்குள் நீ போய்விடுவாய் என்று பயம். உன் அம்மா என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். திறந்த மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

என் விஷயத்தில் நான் ஸ்பாஞ்ச் என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. உனக்குக் கொடுக்காததை எனக்கு எடுத்துக்கொண்டேன், அதுவே மனசுக்குள் என்னைக் கொன்றது.

“ஓட்டை சின்னது, அங்கிள். இரைப்பைக்கு ரத்த ஓட்டமும் நல்லா இருக்கு. அதனாலதான் ட்ரை பண்றோம்,” என்றார் டாக்டர். “ஆனா காய்ச்சல் இறங்கலன்னா திறந்துதான் ஆகணும்.”

மூக்கில் குழாய். பக்கத்தில் மெஷின். வயிற்றில் வைத்த இன்னொரு குழாய் வழியாகப் பால் போல ஒரு சாப்பாடு. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுங்கக்கூடாது. உதடு வெடித்தது. மலாய் நர்ஸ் ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, “சாபார், அங்கிள்” என்பாள். பொறுமையாக இருக்கச் சொல்கிறாள். ஒவ்வொரு முறை அவள் காய்ச்சல் பார்க்கும்போதும் ஜெயந்தி எழுந்து நிற்பாள்.

முதல் ஸ்பாஞ்ச் மாற்றியதற்கு மறுநாள் காய்ச்சல் திரும்ப ஏறியது. ஸ்கேனில் இன்னொரு பக்கம் சீழ் தேங்கியிருந்தது. ஊசி வழியாக ஒரு குழாய் செருகி அதை வடிக்கப் போகிறோம், நாளைக்குள் இறங்காவிட்டால் ஆப்பரேஷன் என்றார் டாக்டர். சொல்லாமல் செத்துவிடுவேனோ என்று பயந்து, ஜெயந்தியைக் கிட்டே கூப்பிட்டேன். குரல் கரகரவென்று வந்தது.

“உங்கண்ணனுக்கும் ரெண்டு வழி இருந்துச்சு. நான்தான் ஒண்ணுன்னு சொன்னேன்.”

அவள் என் பக்கம் குனிந்தாள். “என்ன சொல்றீங்க?”

திரும்பவும் சொன்னேன். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். குழாய் செருக என்னைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனபோது வாசலில் அவள் இல்லை. மறுநாள் காலையில் காய்ச்சல் இறங்கியிருந்தது. அதைச் சொல்லவும் அவள் இல்லை. நர்ஸ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். எனக்கு ஏனோ அழுகை வந்தது.

மதியம் வந்தாள். கண் வீங்கியிருந்தது. நாற்காலியைக் கட்டிலை விட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு என்னைக் கேட்டிருந்தா நானும் திறங்கன்னுதான் சொல்லியிருப்பேன். யாருக்குத் தெரியும்? ஆனா நீங்க கேக்கல. அம்மாவையும் கேக்கல. நாலு வருஷமா வாயே திறக்கல. அதைத்தான் என்னால தாங்க முடியல.”

“ஜெயந்தி…”

“பேசாதீங்க. தொண்டை வலிக்கும்.”

அதற்குப் பிறகு தினமும் வந்தாள். மெஷினைப் பார்ப்பாள், பையைப் பார்ப்பாள், என்னைப் பார்க்கமாட்டாள்.

டாக்டரிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். அப்போது உன் டாக்டர் என்னிடம் சொன்னதில் நினைவிருந்ததையெல்லாம் சொன்னேன். “பெரிய ஓட்டையா இருந்திருந்தா, இரைப்பையே கறுத்துப் போயிருந்தா, ஸ்பாஞ்ச் வேலை செஞ்சிருக்காது. திறந்தது சரியாக்கூட இருக்கலாம். ரிப்போர்ட் பாக்காம நான் சொல்ல முடியாது, அங்கிள்.” அவ்வளவுதான். என்னை மன்னிக்கவுமில்லை, குற்றம் சொல்லவுமில்லை. நீயாவது சொல்லேன் மச்சான், உன்னைக் கேட்டிருந்தால் எதை எடுத்திருப்பாய்?

ஐந்து முறை ஸ்பாஞ்ச் மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் உள்ளே வைக்கும் துண்டு சிறிதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் நிற்கவைத்து ஒரு மருந்தை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். எங்கும் கசியாமல் நேராக இறங்கியது. அன்று ஜெயந்தி ஒரு கரண்டித் தண்ணீரை என் வாயருகே கொண்டுவந்தாள். பாதி என் சட்டையில் சிந்தியது. பல நாளைக்குப் பிறகு அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

“அம்மாகிட்ட நீங்களே சொல்லணும்,” என்றாள். “நான் கூட வரேன். ஆனா உங்களுக்காகப் பேசமாட்டேன்.”

இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறேன், தலையை உயர்த்தித்தான் படுக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை லாயாங் லாயாங்கில் உன் அம்மா வீட்டுக்குப் போகிறோம். மருமகன் பிழைத்து வருகிறான் என்று மீன் குழம்பு வைக்கப் போகிறாராம். முள்ளெல்லாம் எடுத்துவைப்பதாகப் போனில் சொன்னார். நான் சொல்லப் போவது அவருக்குத் தெரியாது.

சாப்பிட உட்கார்வதற்கு முன்பே சொல்லிவிடுவேன், மச்சான். அவர் என்னை வெளியே போகச் சொன்னாலும் சரி, உன் பெயரைச் சொல்லி அழுதாலும் சரி, முழுவதையும் சொல்லி முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன்.

உன் தங்கையைக் கட்டியவன்,
தியாகு