சேராத எலும்பு

3.7.06 திங்கள்

காலையிலிருந்து காற்று. கொடியில் துணி நிற்கவில்லை. கம்பெனியில் அரை நாள் லீவு, இவரோடு ஆஸ்பத்திரி. அவிநாசி ரோட்டில் பைக்கோடு விழுந்து, கால் எலும்பில் பிளேட் வைத்து நாலு மாதம். எக்ஸ்ரேயில் இன்னும் சேரவில்லை. சர்க்கரை இல்லை, புண்ணும் ஆறிவிட்டது. டாக்டருக்கே புரியவில்லை.

"சிகரெட் பழக்கம் இருக்குங்களா?"

"சேச்சே, இல்லீங்க," என்றார் இவர். "வேணும்னா ஊட்டுக்காரியக் கேளுங்க."

பக்கத்தில் என் அண்ணன். மாப்பிள்ளைக்கு ஒரு பழக்கமும் இல்லை என்று சொல்லித்தான் என்னைக் கட்டினார்கள். பதினோரு வருஷமாக, அண்ணன் வரும்போதெல்லாம் ஊதுபத்தி கொளுத்தி மறைக்கிறேன்.

"இல்லீங்க டாக்டர்," என்றேன். வெட்கங்கெட்டவள்.

வாங்க வேண்டியது: கால்சியம் மாத்திரை, முட்டை, ஊதுபத்தி.

5.7 புதன்

ஆட்டுக்கால் சூப் வைத்தேன். குடித்த கையோடு பாத்ரூமில் புகை. பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் இவர், நாள் முழுக்க மேசை முன் நிற்கிற வேலை. தீபாவளி வரைதான் பார்ப்பாராம் ஓனர். அப்புறம் வேறு ஆள். இது இவருக்கும் தெரியும். தெரிந்துதான் ஊதுகிறார்.

8.7 சனி

தனியாகப் போய் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்டுங்க, ஆஸ்பத்திரில இருந்து ஊட்டுக்கு வந்த அன்னைக்கே மறுபடி ஆரம்பிச்சுட்டாருங்க.

"பொகை புடிச்சா எலும்புக்கு ரத்த ஓட்டம் கொறையும்மா. எப்படிச் சேரும்? மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?"

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து மறு ஆபரேஷன். அதற்கு முன் ஒன்றரை மாதம் சிகரெட்டைத் தொடக்கூடாது. தொட்டால் அதுவும் சேராது, சீழ் வைக்கும், காலையே எடுக்க வேண்டியதுதான் என்றார்.

வந்து இவரிடம் சொன்னேன். தட்டைத் தள்ளினார். "புருஷன் மானத்த வித்துப்போட்டு வந்திருக்கற."

அந்த மானத்தைக் காப்பாற்றப் போய்த்தான் காலைக் கெடுத்தேன்.

9.7 ஞாயிறு

தூறல். அண்ணன் போன். "மாப்ள காலு எப்படி இருக்குது?" தேவலைங்ணா என்றேன். திருந்தவில்லை நான்.

11.7 செவ்வாய்

ஷிஃப்ட் முடிந்து வந்தால், ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டு எனக்காக டீ போட்டு வைத்திருக்கிறார். பக்கத்தில் உட்காரச் சொன்னார். சட்டைப் பையில் புதுப் பாக்கெட்.

"அடுத்த தடவ டாக்டரு கேட்டா, உட்டுட்டாருன்னு சொல்லிப்போடு, கண்ணு."

கல்யாணமான நாளிலிருந்து "ஏய்"தான். இன்றைக்குத்தான் கண்ணு.