எழில், வயது 24, படகோட்டி

சதுரங்கப்பட்டினம்
20.1.2025

அன்புள்ள பவானி,

முழங்கால் நீங்கலாக நான் நலம். உன் இரத்த அழுத்தத்தை விசாரித்துவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று நினைத்தேன், கை கேட்கவில்லை. உன் மகன் கார்த்தி தான் தயாரிக்கும் முதல் படத்தை என் வீட்டில் எடுக்கப் போகிறான்!

நேற்று தன் மானேஜர் ஜோஷ்வாவோடு வந்து அறை அறையாகப் பார்த்தான். கடல் தெரியும் ஜன்னலைவிட்டு நகரவே இல்லை. இங்கேயே எடுத்து, இங்குள்ளவர்களுக்கே வேலை கொடுத்தால் செலவில் ஒரு பங்கை அரசாங்கம் வரிச்சலுகையாகத் திருப்பித் தருமாம். நல்ல திட்டம், குப்பத்து ஜனங்களுக்கும் நாலு காசு கிடைக்கும். எனக்கும் ஒரு வேடம் உண்டு, தலைமையாசிரியை. நடிக்கவே வேண்டாம் ஆன்ட்டி, எப்போதும்போல் இருங்கள் என்றான். அது பாராட்டா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மீன் கொண்டுவரும் மாரியம்மாவிடம் கதாநாயகனின் படத்தைக் காட்டினேன். "இன்னாம்மா இது, காத்தடிச்சா பறந்துடுவான் போல கீறான்" என்றாள். புது ஆட்களைக் கண்டு கட்டிலடியில் புகுந்த என் பூனை எழில் இன்னும் வெளியே வரவில்லை.

உன்
ஞானம்பாள்


கேளம்பாக்கம்
28.1.2025

என் ஞானத்துக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். போனில் பேசினால் என்ன என்று கார்த்தி கேட்கிறான். கான்வென்ட்டில் அடி வாங்கிக் கற்ற கையெழுத்தை வீணாக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டேன். நீ எழுதும் குப்பத்துக் கதைகளை முப்பது வருஷமாகப் பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறேன், தெரியுமா?

உனக்கு மட்டும் சொல்கிறேன். இந்த ஃபிளாட்டை வங்கியில் அடமானம் வைத்துத்தான் படம் எடுக்கிறான். அரசுப் பணம் வந்ததும் மீட்டுவிடுவானாம். அதனால் வழியில் தென்படும் எந்தப் பிள்ளையாரையும் நான் விடுவதில்லை.

அவனை அதிகம் திட்டாதே.

பவானி


சதுரங்கப்பட்டினம்
26.2.2025

அன்புள்ள பவானி,

ஆறு நாள்! என் எழுபத்தொரு வயதில் இப்படி ஆறு நாள் இருந்ததில்லை. வாசலில் ஜெனரேட்டர் வண்டி, கூடத்தில் காமிரா ஓடத் தண்டவாளம், சமையலறையில் கதாநாயகிக்கு ஒப்பனை. கால்மேல் கால் போட்டு உட்காரச் சொன்னார் டைரக்டர். எந்தத் தலைமையாசிரியையும் அப்படி உட்கார மாட்டாள் என்றேன். கும்பிட்டு ஒப்புக்கொண்டார். என் காட்சி முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். உனக்குத் தந்தி அடித்திருப்பேன், தந்தி இருந்திருந்தால்.

நேற்று ஜோஷ்வா ஒரு சான்றுக் கடிதத்தோடு வந்தான். வீட்டுக்காரி என்ற முறையில் நான் கையெழுத்திட வேண்டுமாம். எதையும் படிக்காமல் நான் கையெழுத்திடுவதில்லை என்று உனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியவில்லை. என் வீட்டில் முப்பத்திரண்டு நாள் படப்பிடிப்பு, குப்பத்தில் நூற்று நாற்பது பேருக்கு வேலை என்று இருந்தது. வேலை செய்தவர்கள் பத்தொன்பது பேர். இணைத்திருந்த பெயர்ப் பட்டியலில் மாரியம்மாவுக்கு முப்பத்திரண்டு நாள் கூலி. அவளுக்குக் கிடைத்தது ஒரு நாள் கூலியும் ஒரு பிரியாணிப் பொட்டலமும்.

பதினேழாவது வரி: எழில், வயது 24, படகோட்டி. எதிரே கைநாட்டு.

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. பூனைக்குக் கட்டைவிரல் ஏது? பிறகு சிரிப்பு நின்றது. குப்பத்தில் அந்தப் பூனையைத் திருட்டு மூதேவி என்றுதான் கூப்பிடுவார்கள். எழில் என்ற பெயர் இந்த வீட்டிலும் என் கடிதங்களிலும்தான் இருக்கிறது. "எழில் காலையில் படகேறிப் போனவன் மாலையில்தான் வந்தான்" என்று போன வருஷம் உனக்கு எழுதியிருந்தேன்.

உனக்குத் தெரியாமல் யாரோ உன் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். பூட்டி வை. கார்த்தியைக் கூப்பிட்டுக் கண்டி. நான் கையெழுத்திடவில்லை. மார்ச் பன்னிரண்டாம் தேதி சரிபார்க்க அரசு அதிகாரி என் வீட்டுக்கே வருகிறார்.

உன்
ஞானம்பாள்


கேளம்பாக்கம்
4.3.2025

ஞானம்,

பெட்டியை யாரும் திறக்கவில்லை. நான்தான் கடிதங்களைக் கொடுத்தேன். குப்பத்து ஆட்களின் பெயர்கள் வேண்டும் என்றான் ஜோஷ்வா. அவன் உன் பூனையையும் சேர்ப்பான் என்று நான் கண்டேனா?

எல்லோரும் இப்படித்தான் கூட்டிக் காட்டுகிறார்களாம். ஆறு நாளுக்கு வரும் பணம் வட்டிக்கே பற்றாது. அரசாங்கத்துப் பணம், இதில் யாருக்கு என்ன நஷ்டம்? அதிகாரி கேட்டால் "ஆமாம்" என்று ஒரு சொல் சொல். அறுபது வருஷத்தில் உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. எனக்கென்று இருப்பது இந்த இரண்டு அறைதான்.

உன் பவானி


சதுரங்கப்பட்டினம்
13.3.2025

பவானி,

நேற்று அதிகாரி வந்து போனாள். வைஷாலி என்று பெயர், முப்பது வயதிருக்கும். ஜோஷ்வா அவளுக்கு முன்பே வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தான். காபி கொடுத்தேன். முப்பத்திரண்டு நாள் இங்கே படப்பிடிப்பு நடந்ததா என்று கேட்டாள்.

"ஆமாம்" வாய்வரை வந்தது. அது உனக்குத் தெரிய வேண்டும். உன் இரண்டு அறையும் பால்கனியில் நீ துணி உலர்த்தும் கொடியும் கண்முன் நின்றன. அதற்குள் அந்தப் பெண், பின்வாசலில் மீன்கூடையோடு நின்ற மாரியம்மாவிடம் பெயர் கேட்டுவிட்டு, பட்டியலில் அவளுக்கு எதிரே இருந்ததைப் படித்துக் காட்டினாள்.

மாரியம்மா கூடையை இறக்கி வைத்தாள். "முப்பத்திரெண்டு நாளா? நானா? அப்போ எம் பேர சொல்லி துன்னது எவன்?"

யாருக்கு நஷ்டம் என்று கேட்டிருந்தாய்.

ஆறு நாள், பத்தொன்பது பேர் என்றேன். படகோட்டியையும் தூக்கி வந்து காட்டினேன். சிரிக்காமல் இருக்க அந்தப் பெண் மிகவும் பாடுபட்டாள். ஜோஷ்வா செருப்பை மறந்துவிட்டுப் போனான்.

நடந்த ஆறு நாளுக்காவது சலுகை உண்டா என்று கேட்டேன். பொய் விண்ணப்பத்தைக் கார்த்தி தானே எழுதித் திரும்பப் பெற்றால் மேலே பேசிப் பார்ப்பதாகச் சொன்னாள். வாக்குக் கொடுக்கவில்லை. இன்றே அவனை அனுப்பு. அப்படியும் உன் ஃபிளாட் போகலாம்.

போனால் இங்கே வந்துவிடு. கடலோர அறைக்குப் படக்காரர்கள் அடித்த நீலம் கண்ணை உறுத்துகிறது. உனக்குப் பிடித்த நிறத்தை அடித்துக்கொள்ளலாம். கோவளத்தில் கல்பாக்கம் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்.

உன்மேல் கோபமில்லை என்று எழுத மாட்டேன். நிறைய இருக்கிறது. அதைக் காகிதத்தில் வைக்கப் போவதில்லை. இனி உனக்குக் கடிதமே எழுதப் போவதில்லை. நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்.

புதன்கிழமை வஞ்சிரம் வருமாம். ஒருத்திக்கா, ரெண்டு பேருக்கா என்று மாரியம்மா கேட்டாள். இரண்டு என்று சொல்லிவிட்டேன்.

ஞானம்பாள்