பதினைந்து நாள் காவல்

பைன் தெரு,
8 செப்டம்பர்.

மதிப்பிற்குரிய திரு. லாகாஸ் அவர்களுக்கு,

எங்கள் சங்கத்தின் ஐம்பத்து நான்காவது நாணயக் கண்காட்சி அக்டோபர் 18, 19 தேதிகளில், வழக்கம்போல் புனித அன்னாள் பங்கு மண்டபத்தில் நடைபெறும். ஜன்னலோரமுள்ள பதினான்காம் மேசை உங்கள் பெயருக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

இந்த ஆண்டு முதல், நம் ஊரில் தங்கமோ வெள்ளியோ வாங்கும் எவரும், அது நிலையான கடையானாலும் இரண்டு நாள் மேசையானாலும், நகராட்சி உரிமம் பெற வேண்டும். கட்டணம் முந்நூற்றைம்பது டாலர். வாங்கிய பொருளைப் பதினைந்து நாள் ஊரைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. படிவம் இணைத்துள்ளேன். கறுப்பு மையில் நிரப்புங்கள். சென்ற முறை நீங்கள் பச்சை மையில் எழுதி அனுப்பியதை நான் உட்கார்ந்து படியெடுக்க நேர்ந்தது.

மார்ச் மாதம் நகரமன்றக் கூட்டத்தில் நமக்குள் நடந்ததை இங்கே பேசுவது முறையல்ல. சங்கத்தின் செயலாளராக மட்டுமே இதை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
திருமதி லியோனி வெலெட்


பைன் தெரு,
23 செப்டம்பர்.

திரு. லாகாஸ் அவர்களுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. வெர்மான்டிலிருந்து தபால் வர இரண்டு வாரம் ஆகாது என்பது எனக்குத் தெரியும்.

முப்பத்தொரு மேசைகளில் பத்தொன்பது படிவங்கள் வெறுமையாகத் திரும்பிவிட்டன. ஒருவர் படிவத்தின் மேலேயே எழுதியிருக்கிறார்: "ரெண்டு நாளைக்கு வந்து பழைய சென்ட் காசு விக்கிறவன் வருஷம் முழுக்கக் கடை போட்ட மாதிரி கட்டணும், வாங்கினத அங்கேயே விட்டுட்டுப் போகணும். உங்க ஊருக்கு ஒரு பெரிய கும்பிடு, மேடம்." எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. அதுதான் கூடுதலாக வலித்தது.

மண்டபத்தில் பட்டாணி சூப் காய்ச்சும் ரீட்டா பூஷே நேற்று திருப்பலி முடிந்ததும் வாசற்படியிலேயே என்னை நிறுத்திவிட்டாள். "லியோனி, எத்தனை பேருக்குப் பட்டாணி ஊறப் போடட்டும்? முப்பது பேருக்கா, மூணு பேருக்கா? சொல்லிடு, அப்புறம் நாங்க வாரம் பூரா அதையே குடிக்க முடியாது." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் இருக்கிற அந்தத் தங்கம் வாங்கும் கடை உங்களுக்கு நினைவிருக்கும். உரிமத்தை மரச்சட்டம் போட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிறார்கள். நான் தலை திருப்பாமல் கடந்துபோவது வழக்கம். வெள்ளிக்கிழமை அதன் முதலாளி வாசலுக்கே வந்து தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். "உங்க புண்ணியத்துல இப்ப ஊர்ல போட்டியே இல்ல மேடம்" என்றார்.

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

லியோனி வெலெட்


பைன் தெரு,
9 அக்டோபர், வியாழன்.

அன்புள்ள ஒக்டாவ்,

இப்படி உங்களைப் பெயர் சொல்லி அழைத்தவர் என் கணவர் ரொசேர்தான். நான் இத்தனை வருடமும் திரு. லாகாஸ் என்றே சொல்லி வந்தேன். "இவ கன்னியர் மடத்துல படிச்சவ ஒக்டாவ், நீ ஒரு கமா தப்பாப் போட்டாலும் பாவசங்கீர்த்தனம் பண்ண வெப்பா" என்று அவர் உங்களிடம் சொல்லிச் சிரிப்பார். இன்று பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டியது என் முறை.

ரொசேரின் அடக்கத் திருப்பலிக்கு எல்லாரும் கோவிலில் இருந்த நேரத்தில்தான் என் வீட்டுப் பின்கதவை உடைத்தார்கள். மரண அறிவித்தலில் நேரத்தைப் போட்டவள் நான். வீடு காலியாக இருக்கும் என்று திருடனுக்கு நானே எழுதிக் கொடுத்ததுபோல் ஆயிற்று. எங்கள் திருமண நாள் ஒவ்வொன்றுக்கும் ரொசேர் உங்களிடம் வாங்கித் தந்த வெள்ளி டாலர்கள் நாற்பத்தாறும் போயின. மூன்றாம் நாள் கடைத்தெருவின் அந்தத் தங்கக் கடையில் அவற்றை உருக்கிவிட்டார்கள். குப்பைக் கூடையிலிருந்து காவல்துறை மீட்டுக் கொடுத்தது நீங்கள் காசு போட்டுத் தந்த சின்னக் காகித உறைகளை மட்டும்தான். ஒவ்வொன்றிலும் ரொசேர் பென்சிலால் எழுதிய வருடம் இருந்தது.

அந்த ஆத்திரத்தோடுதான் மார்ச்சில் மன்றத்துக்குப் போனேன். அவர்கள் எழுதி வைத்திருந்த சட்டத்தில் கடைகள் மட்டுமே இருந்தன. அது போதாது, ஓட்டல் அறையில் இரண்டு நாள் மேசை போட்டு வாங்கிக்கொண்டு ஓடுகிறவனும் அகப்பட வேண்டும் என்று சேர்க்கச் சொன்னவள் நான். நீங்கள் எழுந்து, "அம்மா, நீங்க பூட்டுறது எங்க கதவ" என்றீர்கள். நேர்மையானவருக்குக் கையெழுத்துப் போட என்ன பயம் என்று நான் உங்களைப் பார்த்துக் கேட்டேன். மண்டபமே கைதட்டியது. நீங்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினீர்கள்.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் போனேன். கண்காட்சிக்கு விலக்கு கேட்டேன். மன்ற உறுப்பினர் ஃப்ரெஷெத் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்த மேசை விஷயத்த நீங்கதான கேட்டு வாங்கினீங்க? வீடியோ இருக்கு மேடம், போட்டுக் காட்டவா?" என்றாள். போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மார்ச்சில் நான் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் நானே சொன்னேன். உங்களைப் பார்த்துச் சொன்னதையும் சேர்த்து. பிறகு, நான் சொன்னது தவறு என்றேன். எங்கள் பள்ளியில் சிஸ்டர் அனக்லேத், வகுப்பின் முன் சொன்ன பொய்யை வகுப்பின் முன்தான் திரும்பப் பெற வைப்பார். இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

விலக்கு கிடைக்கவில்லை. ஒரு வழி மட்டும் கொடுத்தார்கள். ஒவ்வொரு வியாபாரிக்கும் தனித்தனி உரிமம் வேண்டாம். கண்காட்சி முழுவதற்கும் ஒரே உரிமம் போதும். ஆனால் அது ஒருவருடைய பெயரில் இருக்க வேண்டும். யார் யாரிடம் என்ன வாங்கினார்கள் என்று அவர்தான் எழுத வேண்டும். வாங்கியவை பதினைந்து நாள் அவருடைய முகவரியில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். சங்கத்தில் ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று அந்த உரிமத்துக்காகக் காவல் நிலையத்தில் கைரேகை கொடுத்தேன். எழுபத்தொன்பது வயதில்! அங்கே இருந்த பெண் சார்ஜென்ட் மூன்று முறை உருட்டிப் பார்த்தாள். "என்ன மேடம், விரல்ல ரேகையே காணோம்? பாத்திரம் தேச்சே கரைச்சிட்டீங்களா? விறைப்பா வெக்காதீங்க, கைய என்கிட்ட குடுங்க" என்றாள். கொடுத்தேன். புகைப்படமும் எடுத்தாள், பக்கவாட்டில் ஒன்று. ஆக, உங்கள் தொழிலில் இப்போது நானும் ஒருத்தி.

ஆனால் வியாபாரிகள் வர வேண்டுமே. பன்னிரண்டு மேசையாவது இல்லாவிட்டால் மண்டபத்தை வேறொருவருக்கு விடுவதாகப் பங்குத்தந்தை சொல்கிறார். திங்கள் மதியம் வரை தவணை. தொலைபேசியில் இருபது பேரிடம் பேசிவிட்டேன். ஆறு பேர் வருகிறார்கள். மற்றவர்கள் சொல்லிவைத்ததுபோல் ஒன்றையே கேட்கிறார்கள்: "லாகாஸ் வர்றாரா? வாங்கின சரக்க உங்க வீட்ல விட்டுட்டுப் போக அவரு ஒத்துக்கிட்டாரா? அவரு விட்டா நாங்களும் விடுறோம்."

அவர்கள் கேட்பது நியாயம். அது திருட்டுப் போன வீடு. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? சரக்கு இருக்கப் போவது அதே அலமாரியில்தான், அந்த நாற்பத்தாறு வெற்று உறைகளுக்குப் பக்கத்தில். பின்கதவுக்கு இரும்புத் தாழ் போட்டாயிற்று. ஆனால் அன்று கதவைவிடப் பெரிய குறை, வீட்டில் ஆள் இல்லாததுதான். அதனால் அந்தப் பதினைந்து நாளும் வாசலைத் தாண்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஞாயிறு திருப்பலிக்கும் போகமாட்டேன். வீட்டுக்கே நற்கருணை கொண்டுவரும்படி பங்குத்தந்தையிடம் கேட்டேன். "உடம்புக்கு என்னம்மா?" என்று பதறினார். உடம்புக்கு ஒன்றுமில்லை, காவல் இருக்கிறேன் என்றேன். எனக்கு நினைவு தெரிந்து, பிள்ளை பெற்ற நாட்களைத் தவிர, ஒரு ஞாயிறும் நான் தவறியதில்லை.

வாங்குகிற ஒவ்வொரு காசுக்கும் ரசீது எழுதித் தருவேன். எந்த மையில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுங்கள்.

பதினான்காம் மேசையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. சாலையில் பனி விழத் தொடங்கிவிட்டது என்கிறார்கள். பகலிலேயே புறப்பட்டு, மெதுவாக வண்டி ஓட்டி வாருங்கள். ரீட்டாவிடம் முப்பது பேருக்கே பட்டாணி ஊறப் போடச் சொல்லியிருக்கிறேன்.

லியோனி