கோப்பைக்குள் ஒரு குரல்

ஆடி 9, வெள்ளி இரவு

சிவலிங்கத்தின் நாவல் இன்று கைக்கு வந்தது. பேய்க்கதையும் விஞ்ஞானமும் கலந்தது. பீங்கான் ஆலையில் முப்பது வருடம் என்னோடு வேலை பார்த்த நண்பர் என்பதால் மதியமே வாசித்து முடித்தேன்.

பீங்கான்மேல் பூசும் கிளேஸுக்குள் மனிதக் குரல் தங்குமா என்று போன வருடம் கேட்டார். தங்காது என்றேன். ஆனாலும் அது எந்தச் சூட்டில் உருகி எப்படி இறுகும் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அது அப்படியே இருக்கிறது. கூடவே, செத்துப்போன மனைவியின் கோப்பையில் தினமும் டீ ஊற்றிவைத்துப் பேசும் கிழவர் ஒருவரும் இருக்கிறார். பாழடைந்த சூளையில் ஓர் இயந்திரம் அந்தக் கோப்பையிலிருந்து அவள் குரலை எடுக்கிறது.

இறந்துபோன என் மனைவி சரஸ்வதியின் கோப்பையைப் பற்றி சிவலிங்கத்திடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

சாயங்காலம் ஜங்ஷன் டீக்கடையில், ஏன் அதை எழுதினீர்கள் என்று அவரிடம் கேட்டேவிட்டேன்.

"உங்க பேர போடலியே சார். பேயும் மெஷினும் ஒரே வூட்டுல குடியிருக்குது, அதான் புதுசு" என்று சிரித்தார்.

கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அந்தக் கோப்பத் தாத்தா நீங்கதானா சார்? கதைய சொன்னாரு" என்றார்.

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். ஒருவேளை நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ? ஆனால் இன்று அவள் கோப்பையில் ஊற்ற முடியவில்லை. யாரோ பார்ப்பது போலிருந்தது.

நாவலில் கோப்பை, "சாப்டீங்களா?" என்று கேட்கிறது. சரஸ்வதி அப்படிக் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டில் சமையல் நான்தான். அவள் தினமும் கேட்டது வேறு. அதை நான் சிவலிங்கத்திடம் சொல்லவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.