வஜ்தியை மஹ்தியாவிலிருந்து திரும்பக் கூட்டி வந்தோம்

அன்பு மகன் நிஸாருக்கு உம்மா எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் கடலுக்கு அந்தப் பக்கம் பலெர்மோவில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க துஆ செய்கிறேன். மனசுதான் சரியில்லை. பயந்து செத்துக்கொண்டிருக்கிறேன், போனில் சொன்னால் உன் தம்பி வஜ்தி காதில் விழும்.

போன ஞாயிற்றுக்கிழமை வஜ்தி, ஒரு நாள் கடல் பார்க்க மஹ்தியாவுக்குப் போய் வரலாம் என்று எங்களைக் கிளப்பினான். கடைக்குப் போகச் சொன்னாலே முனகுகிற பிள்ளை, வேனில் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தான். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும், எங்கே வந்தது, சுட்ட மீன் வாசனையில் எல்லாம் மறந்துவிட்டேன். வாப்பா வெயிலைத் திட்டிக்கொண்டே வந்தார். முனையில் கடலோரக் கபருஸ்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம், வெள்ளைக் கபருகளும் நீலக் கடலுமாக அழகுக்கு என்ன குறைச்சல். இவன் கண் மட்டும் பாறையில் வெட்டிய பழைய துறைமுகத்துப் படகுகளை விட்டு நகரவில்லை. அங்கிருந்து ஒருத்தன் கையசைத்தான், இவன் தலையாட்டினான். பிறகு என் கையை முத்தமிட்டு, உம்மா, உங்க மனசு நோக ஏதாச்சும் நடந்திருந்தா பொறுத்துக்கங்க, என்றான்.

நீ அந்தக் கரைக்குக் கள்ளப் படகேறுவதற்கு முந்தின நாள் இதே வார்த்தையைத்தான் கேட்டாய், உடைத்த தட்டுக்காகக் கேட்கிறாய் என்று நினைத்து, பொறுத்தேண்டா என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். உன் குரலைக் கேட்கும்வரை நான் பட்டது எனக்குத்தான் தெரியும். பெற்றவள் பொறுத்தேன் என்று சொல்லாமல் நம் பிள்ளைகள் யாரும் கடலில் இறங்க மாட்டார்கள். அதனால், பொறுக்கவே மாட்டேண்டா, என்று கத்தினேன். அங்கிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வாப்பாவோ, பிள்ளை மரியாதையா கேக்கிறான், ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் தேஞ்சா போயிடும், என்கிறார், மனுஷருக்கு ஒன்றும் புரியவில்லை. வஜ்தி முகம் வெளுத்துப் போய் எங்களோடே வேன் ஏறினான். வீட்டுக்கு வந்து அவன் பையைப் பார்த்தேன், மாற்றுத்துணியும் பேரீச்சம்பழமும் இருந்தன.

அன்றிலிருந்து தினமும் காலையில் ரொட்டி வாங்கி வந்து வைத்துவிட்டு, இன்னும் கோபமா உம்மா, என்கிறான். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறேன். பெற்ற பிள்ளையிடம் எத்தனை நாள் அப்படி இருக்க முடியும், வாய் தவறி, பொறுத்தேன் என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாயிருக்கிறது. நீதான் அவனோடு பேச வேண்டும். நீ அனுப்பிய போட்டோவில் சாய்ந்து நிற்கிற கார் உன்னுடையதில்லை என்று எனக்குத் தெரியும் கண்ணே. என்னிடம் சொல்கிற பொய்யை என்னிடம் சொல்லிக்கொண்டிரு, நான் நம்பிக்கொள்கிறேன். அவனிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடு.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும், குளிரில் காதை மூடிக்கொள். மறக்காதே, இந்த மாதத்துக்குள் பேசிவிடு, அதற்கப்புறம் காற்று அடங்கிக் கடல் அமைதியாகிவிடும், படகுகள் கிளம்பிவிடும் என்று மீன்காரர் சொல்கிறார்.

உன் உம்மா,
மன்னூபியா
கைரவான்