ஒஸ்டினுக்குப் புதுப் பெற்றோல் குழாய்

அலுவிகாரை,
1974 மார்ச் 10, ஞாயிறு, பின்னேரம் 3.40

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் ஒஸ்டின் காரின் எஞ்சினை ஏழு தரம் நிறுத்தி ஏழு தரம் ஸ்டார்ட் செய்தேன். ஏழு தரமும் பிடித்தது. நீங்கள் குருநாகலிலிருந்து வரும்வரை நின்றால் ரயில் போய்விடும். அதனால் எழுதி மாமியிடம் கொடுக்கிறேன்.

கார்புரேட்டர் உட்கார்ந்திருந்த மெனிபோல்ட் என்ற இரும்புக் குழாய் வெடித்துக் காற்று புகுந்தது. அதனால்தான் எந்நேரமும் சோக்கை இழுத்து ஓட்ட வேண்டி வந்தது. புதியது இலங்கையில் இல்லை, இறக்குமதியும் இல்லை. கழித்துப்போட்ட வேறொரு காரின் மெனிபோல்டைக் கொண்டுவந்து பூட்டியிருக்கிறேன். கார்புரேட்டர் நாலு அங்குலம் முன்னால் வந்துவிட்டது, பழைய பெற்றோல் குழாய் எட்டாது. ஆகவே புதுச் செப்புக் குழாய் வளைத்து, சைலன்சர் குழாய்க்கு மேலால் குறுக்கே எடுத்து, கடைசி ஒரு சாணுக்கு றபர் ஹோஸ் போட்டுக் கிளிப் இறுக்கியிருக்கிறேன். ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை.

யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

ஜவாஹிர்

*

அலுவிகாரை,
மார்ச் 20

அன்புள்ள மகன் ஜவாஹிருக்கு,

வஅலைக்கும் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். கொழும்பில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று மாமி கேட்கிறார்.

கார் நல்ல இழுவை. கண்டிக்குப் போகும்போது ஏற்றத்தில் பஸ்ஸையே முந்தினேன். ஆனால் திரும்பி வரும்போது மூன்று தரம் நின்றுவிட்டது. நேற்று நின்றது மாத்தளை மாரியம்மன் கோயில் முன்னால். பின்னால் மிளகு மூட்டை, பக்கத்தில் என் கூடப்பிறந்த காக்கா அப்துல் ஸமத். நம் கடையில் மூட்டை தூக்கும் இராமசாமி ஓடிவந்து, "மொதலாளி, மருமகனாகப் போறவரு புதுசா மாட்டிக் குடுத்தாருன்னீங்களே, மாட்டை எங்கிட்டு கட்டணும்?" என்று கேட்டான். தெருவே சிரித்தது. கால் மணித்தியாலம் கழித்துத் தானாகவே பிடித்தது.

காக்கா சிரிக்கவில்லை. "ஒரு பைப் பூட்டத் தெரியாதவருக்கா நம்மட மகள் ஸக்கியாவைக் குடுக்கப் போறீங்க?" என்றார். குடும்பத்துக்கு மூத்தவர் அவர். இந்த மாதம் உங்கள் இருவருக்கும் நிக்காஹ் தேதி குறிப்பதாக இருந்தோம். இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.

மீராசாஹிப்

*

மருதானை,
மார்ச் 23

மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் வேலையில் பிழை இல்லை. பிழை இருந்தால் ஏற்றத்தில்தான் நிற்க வேண்டும், அங்கேதான் எஞ்சின் கூடுதலாகப் பெற்றோல் கேட்கும். ஏறும்போது ஓடி, இறங்கி வந்தபின் நிற்கிறதென்றால் ஓட்டுபவரைத்தான் கேட்க வேண்டும்.

நேராகவே கேட்கிறேன். பெற்றோல் விலை ஏறியபிறகு எல்லோரும் செய்வதுபோல, கண்டியிலிருந்து இறங்கும் பலகடுவைப் பள்ளத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சும்மா உருட்டிக்கொண்டு வருகிறீர்களா? அப்படியானால் அது மடத்தனம். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

என் குழாயைக் காரணம் காட்டித் தேதியைத் தள்ளுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காக்காவிடமும் சொல்லுங்கள்.

ஜவாஹிர்

*

அலுவிகாரை,
மார்ச் 27

ஜவாஹிருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது என் மூக்குக்கண்ணாடி கடையில் கிடந்தது. மாமிதான் சத்தமாக வாசித்தார். "மடத்தனம்" வரை வந்து நிறுத்தி, என்னைப் பார்த்தார். போன வருடம் பலகடுவையில் அவரும் காரில் இருக்க இதே மாதிரி உருட்டி மண்மேட்டில் மோதினேன். இனிச் செய்வதில்லை என்று அன்றைக்கு அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். "பெற்றோல் மிச்சம் புடிக்கப் போய் என்னையும் மௌத்தாக்கிப் புதைக்கப் பாத்தீங்களா?" என்று தொடங்கியவர் இன்னும் முடிக்கவில்லை.

ஆம், உருட்டினேன். ஆனால் பழைய குழாய் இருந்தபோதும்தான் உருட்டினேன். ஒரு நாளும் கார் நிற்கவில்லை. அது ஏன்?

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை கண்டியிலிருந்து வந்து, வாசலில் நிறுத்திய கார் மறுபடி பிடிக்கவில்லை. ஸக்கியா பொனட்டைத் திறந்து, "வாப்பா, இந்தப் பைப் தொட ஏலாமக் கொதிக்குது" என்று சொல்லி ஈரத்துணி சுற்றினாள். ஒரு நிமிடத்தில் பிடித்தது.

இதற்கு உங்கள் பதிலைப் பார்த்தபிறகு தேதி பற்றிப் பேசுவேன். பேசாமலும் விடுவேன்.

மீராசாஹிப்

*

மருதானை,
மார்ச் 29

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பிழை என்னுடையது.

ஈரத்துணி என்று வாசித்ததுமே விளங்கிவிட்டது. ரயிலுக்கு நேரமாகிறது என்று குழாயைக் குறுக்குவழியாக, கொதிக்கும் சைலன்சர் குழாய்க்கு மேலால் எடுத்தேன். எஞ்சின் ஓடும்போது புதுப் பெற்றோல் வந்துகொண்டே இருக்கும், குழாய் சூடேறாது. நிறுத்தினால் உள்ளே நிற்கிற பெற்றோல் கொதித்து ஆவியாகிவிடும். பம்ப்பால் ஆவியைத் தள்ள முடியாது. உங்கள் பழைய குழாய் சூட்டுக்கு ஒரு முழம் தள்ளிப் போனது, அதனால்தான் எத்தனை தரம் உருட்டியும் ஒன்றும் ஆகவில்லை. நான் ஏழு தரம் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன், ஒரு தரமாவது ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்துப் பார்க்கவில்லை.

காரை ஓட்ட வேண்டாம். அந்த றபர் ஹோஸ் இத்தனை சூட்டில் வெடித்திருந்தால் பெற்றோல் தீப்பிடித்திருக்கும், உள்ளே நீங்கள் இருந்திருப்பீர்கள். நேற்றிலிருந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பள்ளத்தில் உருட்டுவது மடத்தனம் என்றது சரிதான். ஆனால் உங்களுக்கு அப்படி எழுதியிருக்கக் கூடாது. காக்கா தேதி வேண்டாம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஜவாஹிர்

*

அலுவிகாரை,
ஏப்ரல் 1

அன்புள்ள மகன் ஜவாஹிருக்கு,

வஅலைக்கும் ஸலாம். காரைத் தொடவில்லை, நாங்கள் எல்லோரும் முழுசாக இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ்.

கடிதத்தைக் காக்காவிடம் கொண்டுபோனேன். இரண்டு தரம் வாசித்தார். "நம்மட குடும்பத்துல 'பிழை என்னுடையது' எண்ட வார்த்தைய எழுத்துல குடுத்த முதல் ஆம்பிளை இவர்தான்" என்றார். மாமி என்னைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டாவது ஆளும் எழுதட்டும்" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி உருட்டுவதில்லை. காக்கா சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

நிக்காஹ் மே பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை. உங்கள் வீட்டாருக்குச் சம்மதமா என்று எழுதுங்கள். ஸக்கியாவுக்குச் சம்மதம். துணி சுற்றியபோது அவள் கையில் பட்ட சூடும் ஆறிவிட்டது.

மீராசாஹிப்

*

மருதானை,
ஏப்ரல் 3

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சம்மதம். உம்மாவுக்கும் சம்மதம், கேட்டுவிட்டேன். நேற்றுத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டேன் என்று மாமியிடம் சொல்லுங்கள். இனி நான் செய்யப்போவது:

1. வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக் காலை ரயிலில் வருவேன்.

2. அந்தக் குழாயை முழுதாகக் கழற்றி எறிவேன். புதியதைச் சூட்டுக்கு எட்டாமல் கார் உடம்பின் ஓரமாகச் சுற்றி எடுப்பேன். இடையில் சூட்டைத் தடுக்கத் தகரம் ஒன்றும் வைப்பேன்.

3. சனிக்கிழமை பலகடுவை உச்சிக்கு ஓட்டிப்போய், எஞ்சினை நிறுத்தி, மணிக்கூட்டைப் பார்த்துக் கால் மணித்தியாலம் சும்மா உட்கார்ந்திருப்பேன். பிறகு ஸ்டார்ட் பண்ணுவேன். காக்காவும் பக்கத்தில் இருக்கட்டும்.

4. இராமசாமியைக் கடை வாசலிலிருந்து ஏற்றிக்கொண்டு டவுனை ஒரு சுற்றுச் சுற்றுவேன்.

5. திங்கள் காலை கராஜ் முதலாளியிடம் மே மாதம் ஒரு முழுக் கிழமை, ஏழு நாளும், லீவு கேட்பேன். ஏன் என்று கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

ஜவாஹிர்